ஸெய்ன் நானாவின் பாதி வசனம்

அக்குறணையிலிருந்து கண்டி டவுனுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன்காரர்களுக்குள் ஸெய்னுலாப்தீன் பொய் சொல்லாத மனிதர். இதை அவருடைய மனைவி றலியாவிடம் சொன்னால் சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "பொய் செல்ல மாட்டார். பாதியத்தான் செல்லுவார்" என்பாள்.

அவள் சொல்வதில் துளி மிகையில்லை. காலையில் யாராவது ஒரு தாய் பிள்ளையை வீட்டுக் கேட்டடியில் நிறுத்திவைத்துக்கொண்டு, போன் எடுத்து எங்கே வருகிறீர்கள் என்று கேட்பாள். ஸெய்ன் நானா பல் துலக்கிக்கொண்டே வெளிக்கிட்டாச்சு என்பார். கட்டிலிலிருந்து வெளிக்கிட்டது மெய்தானே. இன்னொருத்தி கேட்டால் கிட்ட நிற்கிறேன் என்பார். எதற்குக் கிட்ட என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. எப்படியோ மணியடிப்பதற்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடுவார் என்பதால் ஊரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நாமும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் கடைசியில் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று தெரிந்த பிறகு சிரிப்பு வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

இளவயதில் அவர் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றார். பிறகு ஜித்தாவுக்குப் போய் ஒரு அரபி வீட்டுக்குக் கார் ஓட்டினார். வீட்டுக்காரி ஒரு பக்கம், வீட்டுக்காரன் ஒரு பக்கம், இருவரும் மாறி மாறிப் போன் எடுத்து எங்கே நிற்கிறாய் என்று கேட்பார்களாம். இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்லிப் பழகியவர், அந்தப் பழக்கத்தையும் பெட்டியோடு கட்டி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது றலியாவின் கட்சி.

வந்து வாங்கியதுதான் இந்த வேன். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பிரேக்கை அவர் மிதிப்பது பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. மழையில் எந்த வளைவு வழுக்கும், எந்தப் பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டும், யார் யாரோடு கோபம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. முன் சீற்றில் எப்போதும் அவருடைய மகள் மின்ஹா. கண்டியில் உயர்தரம் படிக்கிறாள். பின்னால் பாதிப் பேர் வழியில் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் இறங்குகிறவர்கள், மற்றப் பாதி டவுனிலுள்ள பள்ளிக்கூடங்களுக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒருவன் தர்சன். அவனுடைய தாய் கோசலா யாழ்ப்பாணத்துக்காரி, கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்துகொண்டு படிப்பிக்கிறாள். சந்தேகக்காரி. பல வேன்களை மாற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஸெய்ன் நானாவை நம்பிப் பிள்ளையை விட்டவள்.

நோவு முதலில் பள்ளிவாசல் படியில்தான் வந்தது. மேல்படிக்குப் போனதும் நெஞ்சுக்குள் யாரோ கையை வைத்து அமுக்குகிற மாதிரி ஒரு இறுக்கம். நின்றால் போய்விடும். வாயு என்று இஞ்சி போட்டுப் பாலில்லாத பிளேன்ரீ குடித்தார். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். வாயு என்றால் அது ஏன் படியேறும்போது மட்டும் வருகிறது என்று றலியா கேட்டாள். அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல்தான் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். ஈசீஜீ எடுத்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், கையில் ஊசி மாதிரிக் குழாயை விட்டு அஞ்சியோகிராம் எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில் றலியாவும் கூடப் போனாள். ஆனால் உள்ளே ஒருத்தர்தான் போகலாமாம் என்று சொல்லி அவளை வெளியே வாங்குப் பலகையில் உட்காரவைத்துவிட்டு, அவர் மட்டும் உள்ளே போனார். அப்படி ஒரு சட்டமும் அங்கே இருக்கவில்லை.

டொக்டர் கௌசிகன் படத்தைத் திரையில் ஓடவிட்டுக் காட்டினார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்களில் இரண்டு சுருங்கியிருக்கின்றன. ஒன்று நன்றாகவே. இரண்டுக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டும். அடைத்த இடத்தை விரித்து உள்ளே ஒரு சின்ன வலைக்குழாயை நிறுத்துகிற வேலை அது, நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. பிறகு அவர் சொன்ன வசனம் ஸெய்ன் நானாவுக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம்.

"இப்ப அவசரமில்லை நானா. ஆனா அவசரமாகிறதுக்கு முன்னம் செய்து போட வேணும்."

ஏன் என்றும் விளங்கப்படுத்தினார். நாள் வைத்து வந்தால் வெறும் வயிற்றோடு வருவீர்கள். கிட்னி எப்படி என்று இரத்தத்தில் பார்த்திருப்போம். சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசையை முதலே நிறுத்தியிருப்போம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து தந்திருப்போம். அப்படிச் செய்யும்போது பெரிய சிக்கல் வருவது மிக அரிது. குழாய் முழுக்க அடைத்து, மாரடைப்போடு தூக்கிக்கொண்டு வந்தாலும் இதே வேலையைத்தான் செய்வோம். செய்யாவிட்டால் ஆள் தப்பாது, அதனால் கட்டாயம் செய்வோம். ஆனால் அப்போது ஆபத்து பல மடங்கு. வேன் ரயரைக் கராஜில் நிறுத்தி மாற்றுவீர்களா, இல்லாவிட்டால் கடுகண்ணாவைப் பள்ளத்தில் இறங்கும்போது வெடிக்கட்டும் என்று விடுவீர்களா என்று கேட்டார். ஸெய்ன் நானா தலையை ஆட்டினார். நாள் வைத்துச் செய்தால் ஆபத்தே கிடையாதா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கிடையாது என்று ஒரு டொக்டராலும் சொல்ல முடியாது, மிகக் குறைவு என்றுதான் சொல்லலாம் என்றார் கௌசிகன். அந்தப் பதிலிலும் முதல் பாதியைத்தான் நானா பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது றலியா வாங்கிலிருந்து எழும்பினாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது அவளுக்கு. என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"அவசரமில்லையாம்" என்றார்.

அவள் அங்கேயே அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். அன்றைக்கு வீட்டில் வட்டிலப்பம் அவித்துப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள். சீனி வருத்தக்காரருக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள் என்றால், எவ்வளவு ஆறுதல் அடைந்திருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் ஏன் மறைத்தார் என்றால், அதற்கும் காரணம் இருந்தது. அவருடைய கூடப்பிறந்த மூத்த நானா ஜுனைதீன் பைபாஸ் செய்யப் போனவர். நாள் வைத்துத்தான் போனார். அன்று காலையில் குளித்து, இரண்டு ரக்அத் தொழுது, குடும்பத்தில் சின்னப் பிள்ளை உட்பட எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, சொந்தக் காலால் நடந்து ஆஸ்பத்திரி வாகனத்தில் ஏறினார். திரும்பி வந்தது மையித்து. அடுத்த தெரு ரபீகாவின் மாப்பிள்ளையோ கடைவீதியில் சாய்ந்து விழுந்தவர். த்ரீவீலில் போட்டுக் கொண்டுபோனார்கள், அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள், இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரோடு வாயடித்துக்கொண்டிருக்கிறார். இந்த இரண்டு பேரை வைத்து ஸெய்ன் நானா தனக்கென்று ஒரு சட்டம் எழுதிக்கொண்டார். நாள் வைத்துப் போகிறவனுக்கு நாள் முடியும். தூக்கிக்கொண்டு போகிறவனை அல்லாஹ் திருப்பி அனுப்புவான். இதை டொக்டரிடம் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. றலியாவிடமும் சொல்லவில்லை. மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

வெளியே சொல்வதற்கு அவரிடம் வேறொரு சாக்குத் தயாராக இருந்தது. வேன் ஓயட்டும், லீவுக்குச் செய்வோம். ஆனால் அந்த வேனுக்கு லீவு எங்கே? ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் திகதி நோன்பு மாதத்தில் வந்தது. நோன்புக்கு முஸ்லிம் பள்ளிக்கூடங்கள் மூடும், மற்றப் பள்ளிக்கூடங்கள் நடக்கும். பாதி வேன் பிள்ளைகள் கேட்டடியில் நிற்பார்கள். நோன்பையும் சேர்த்துச் சொல்லித் திகதியை மாற்றிக்கொண்டார். சித்திரையில் எல்லாருக்குமே லீவு விழுந்தது. அப்போது நுவரெலியாவுக்குப் பயணம் போகிறவர்கள் வேன் கேட்டு வந்தார்கள், மறுக்க மனம் வரவில்லை. அடுத்த திகதி கண்டிப் பெரஹர ஊர்வலத்தோடு வந்தது. பெரஹரவுக்கு டவுன் பள்ளிக்கூடங்கள் மூடும், அக்குறணைப் பக்கம் திறந்திருக்கும். இப்போது மற்றப் பாதிப் பிள்ளைகள் கேட்டடியில் நிற்பார்கள். வேறொரு ட்ரைவரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். மற்றவன் பிரேக் மிதிக்கிற விதம் நானாவுக்குப் பிடிக்காது. அதோடு ஆஸ்பத்திரிக் கதை வெளியே வந்தால் நெஞ்சு நோவுக்காரனை நம்பி யார் பிள்ளையை ஏற்றுவார்கள்?

இங்கேதான் அந்த மனிதன்மேல் கோபம் வருகிறது. தன் உயிரை வைத்து விளையாடினால் அது அவர் பாடு. யார் பிள்ளையை ஏற்றுவார்கள் என்ற அந்தக் கேள்வியை மனசில் கேட்டுக்கொண்டே, அடுத்த காலை அதே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசையைச் சட்டைப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு ஏறினார்.

ஐப்பசி மழை. அன்று விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போதே நெஞ்சு சரியில்லை. ஒரு குளிசையை வைத்தார், குறைந்தது. ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று, ரீயைக் குடித்து வேனை எடுத்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் அசையாமல் நின்றபோது மறுபடி பிடித்தது. இன்னொரு குளிசை. குறையவில்லை. டவுனில் முதல் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போவோம் என்று தனக்கே ஒரு பாதிப் பதிலைச் சொல்லிக்கொண்டார்.

டவுனை நெருங்கும் மஹியாவை என்ற ஏற்றத்தில் இடது கை கல்லாகக் கனத்தது. கண்ணாடியில் ஓடிய மழைத்தண்ணீர் உள்ளேயும் ஓடுகிற மாதிரி இருந்தது. அது அவருடைய வியர்வை. அந்த நேரத்தில் அவருக்குச் சாகும்போது சொல்ல வேண்டிய கலிமா ஞாபகம் வரவில்லை, றலியா ஞாபகம் வரவில்லை. ஹேண்ட்பிரேக் ஞாபகம்தான் வந்தது. இடப்பக்கம் ஒதுக்கினார். கியரில் போட்டார். ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தார். சாவியைக் கழற்றி மின்ஹாவின் கையில் வைத்தார்.

"புள்ளைகளை எறங்க உடாத" என்றார். "நீயும் எறங்காத."

பின்னால் தர்சனும் இன்னும் இரண்டு பேரும் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். வேன் நின்றதே அவர்களுக்குத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு சிங்கள த்ரீவீல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து அவரைத் தோளில் சாய்த்து எடுத்தார். மின்ஹா வெள்ளைச் சீருடையோடு சீற்றில் முழந்தாளிட்டு, பிள்ளைகள் இறங்கும் பக்கக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். வாப்பாவோடு போக அவளுக்கு முடியவில்லை. பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லிவிட்டாரே. த்ரீவீல் வளைவில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்ததை அவரும் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் காதில் விழுந்ததெல்லாம் ஒரே சொல். ஹதிஸி, ஹதிஸி என்று சிங்களத்தில் ஒருத்தர் மாறி ஒருத்தர் சொல்லிக்கொண்டு கட்டிலைத் தள்ளினார்கள். அவசரம். டொக்டர் கௌசிகன் வந்து முகத்தைப் பார்த்தார். ஏன் முதலே வரவில்லை என்று கேட்கவில்லை. நோவு எப்போது தொடங்கியது என்றுதான் கேட்டார். இப்போதுதான் என்றார் ஸெய்ன் நானா. அந்த நிலையிலும் அந்த நாக்கு அப்படித்தான் புரண்டது.

"நானா, முழுக்கச் சொல்லுங்கோ. அதை வைச்சுத்தான் நான் மருந்து தர வேணும்."

சுபஹுக்கே தொடங்கியதென்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார் டொக்டர். ரொட்டி, சம்பல், ரீ. சீனிக் குளிசை? காலையிலும் போட்டேன். டொக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், முகம் மாறவில்லை. வெறும் வயிறு, இரத்தச் சோதனை, கிட்னி, முதலே கொடுக்கிற மருந்து என்று அன்று அறையில் அவர் அடுக்கிச் சொன்னது எதற்கும் இப்போது நேரமில்லை. ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொன்னார். இரத்தம் கசியலாம், மூளையில் அடைப்பு வரலாம், கிட்னி பழுதாகலாம், மேசையிலேயே இதயம் நிற்கலாம். செய்யாமல் விட்டால் இவை எல்லாவற்றையும்விட மோசம். நானா கையெழுத்துப் போட்டார். பேனையைப் பிடிக்கிற விரலே அவருடையது மாதிரி இருக்கவில்லை.

நினைவு போகாமல்தான் செய்தார்கள். குளிர் அறை. நெஞ்சுக்கு மேலே மெஷின் திரும்பித் திரும்பிப் போனது. கம்பி உள்ளே போகும்போது வயிறு புரட்டி, தின்ற ரொட்டியெல்லாம் வாய்க்கு வந்தது. மூச்சுக்குழாயில் போகாமல் தலையைத் திருப்பிப் பிடித்து உறிஞ்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் அவருடைய இதயம் தாளம் கெட்டுத் துடித்து, கரண்ட் வைத்து அதைத் திருப்பினார்கள் என்பது பிறகு கேள்விப்பட்டது. கண் திறந்தபோது நெஞ்சு மயிர் கருகிய வாடை வந்தது. யாரோ அவருடைய முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முழுக்க அடைத்த குழாயைத் திறந்துவிட்டார்கள். மற்றதைத் தொடவில்லை. அந்த நிலையில் அதையும் தொட்டால் ஆள் தாங்கமாட்டார் என்று விட்டுவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் கிடந்தார். படம் எடுக்கக் குழாயில் விட்ட மருந்து கிட்னியைத் தாக்கி, சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் போட வேண்டிவருமோ என்று எல்லாரும் சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கிட்னி மெல்லத் திரும்பியது. இதயத் தசையில் செத்த பங்கு மட்டும் செத்ததுதான். அது திரும்பாது.

இதற்கிடையில் வெளியே ஸெய்ன் நானா பெரிய மனிதராகிவிட்டார். நெஞ்சு வெடிக்கிற நேரத்திலும் வேனை ஒதுக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றிய மனிதர் என்று தாய்மார் போனுக்குப் போன் சொல்லிக்கொண்டார்கள். கோசலா ரீச்சர் தர்சனைக் கூட்டிக்கொண்டு அன்னாசியும் அப்பிளுமாக வந்து, கட்டிலடியில் நின்று அழுதே விட்டாள். உங்களை மறக்க மாட்டோம் என்றாள். எல்லாம் அல்லாஹ்வின் உதவி என்றார் ஸெய்ன் நானா. அதுவும் பொய்யில்லை. பாலத்தில் அவர் குளிசை வைத்ததை முன் சீற்றிலிருந்து கண்ட மின்ஹா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவரை வார்ட்டுக்கு மாற்றியபின் டொக்டர் கௌசிகன் பார்க்க வந்த ஒரு காலை, றலியா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். இத்தனை நாளும் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாள்.

"கோவிச்சிக்காதீங்க டொக்டர். நீங்கதானே அவசரமில்லெண்டு செல்லியிருந்த? அவசரமில்லாத நோவு எப்பிடி இப்பிடி ஆன?"

டொக்டர் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். ஸெய்ன் நானா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓம் அக்கா, சொன்னனான்" என்றார் டொக்டர். அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. போகவும் இல்லை. நின்றார்.

ஸெய்ன் நானா ஜித்தாவிலும் கண்டியிலும் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பாதிப் பதில் சொன்னவர். மற்றப் பாதியை இன்னொருத்தர் இப்படிக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணைத் திறந்தார்.

"றலியா, அவர் இன்னொண்டும் சென்ன" என்றார். "அவசரமாகுறதுக்கு முந்திச் செய்யோணுமெண்டு சென்ன. அத நான் ஒங்களுக்குச் செல்லல்ல."

அவள் அவருடைய காலில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள். இழுத்துவிட்ட கை அங்கேயே நின்றது.

"மின்ஹாவ வேன்ல ஏத்தக்குள்ளயும் இது ஒங்களுக்குத் தெரிஞ்சா ஈந்த?"

இதற்குப் பாதிப் பதில் கிடையாது. ஓம் என்றார்.

பிறகு ஜுனைதீன் நானாவின் கதையும் ரபீகாவின் மாப்பிள்ளையின் கதையும் வெளியே வந்தன. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கே இதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். உங்கள் நானாவுக்குச் செய்தது நெஞ்சைத் திறந்து செய்கிற பெரிய ஒப்பரேஷன், உங்களுக்கு அது இல்லை. ரபீகாவின் மாப்பிள்ளை தப்பி வந்ததால் அவர் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறார், அப்படித் தூக்கி வந்து தப்பாதவர்கள் கடையில் உட்கார்ந்து கதை சொல்ல மாட்டார்கள் அல்லவா என்றார். பேச்சில் குத்தல் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"மற்றக் குழாயையும் செய்யத்தான் வேணும்" என்று எழும்பினார். "இப்ப அவசரமில்லை."

"ஆனா?" என்றாள் றலியா.

டொக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். அவசரமாவதற்கு முதல் செய்ய வேண்டும் என்று முழு வசனத்தையும் அவளுக்குச் சொன்னார். கிட்னி இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று ஒரு திகதியும் சொன்னார். இந்த முறை இதயம் பலவீனம், அதனால் முதல் திகதியில் வந்திருந்தால் இருந்திருக்கக்கூடிய ஆபத்தைவிட இப்போது கூட என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் ஆனா என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.

வேனைப் பற்றி ஸெய்ன் நானாதான் கேட்டார். பிள்ளைகளை ஏற்றி இனி ஓடக்கூடாது என்றார் டொக்டர். இந்த இதயம் எப்போது தாளம் கெடும் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் திகதியில் வந்திருந்தால் என்று இழுத்தார் ஸெய்ன் நானா.

"பெரும்பாலும் ஒண்டு ரெண்டு கிழமையில வேன் ஓடியிருப்பீங்கள்" என்றார் டொக்டர்.

வேன் ஓயக்கூடாதென்று சாக்குச் சொல்லித்தான் அந்த மனிதன் இவ்வளவும் செய்தது. வயிறு எரியாதா?

வீட்டுக்கு வந்தபின் வேனை இர்பான் என்ற பொடியன் ஓட்டினான். கேட்கிற தாய்மாருக்கெல்லாம் கொஞ்சம் சுகமில்லை, இன்ஷா அல்லாஹ் பார்ப்போம் என்று சொல்லி வைத்தார் ஸெய்ன் நானா. பழைய வியாதி. றலியா குசினியில் நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். மருந்தை எடுத்துக் கொடுப்பாள், உப்பில்லாத கறியைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். மின்ஹா பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாள். அந்த வேனில் ஏற அவளுக்கு விருப்பமில்லை.

திகதி வந்தது. காலையில் அவர் குளித்தார். இரண்டு ரக்அத் தொழுதார். தொழுது முடித்துத் தொப்பியைக் கழற்றும்போதுதான் ஜுனைதீன் நானாவும் இதையே செய்தார் என்பது ஞாபகம் வந்தது. டொக்டர் சொன்னபடி வெறும் வயிறு. பையைத் தூக்கிக்கொண்டு றலியா கதவடியில் நின்றாள். அப்போது போன் அடித்தது.

கோசலா ரீச்சர். இர்பான் இன்னும் வரவில்லையாம். அவனை ஏசுவதற்கில்லை, சும்மா உங்களுடைய சுகம் கேட்கத்தான் எடுத்தேன் என்றாள். தர்சன் நாளுக்கு நாள் உங்களைத்தான் கேட்கிறான், எப்போது திரும்பி வருவீர்கள் என்றாள். நீங்கள் எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிய ஆள் நானா, உங்களுக்கு ஒன்றும் வராது என்றாள்.

கிட்ட வந்துட்டேன் என்கிற மாதிரி ஒரு பதில் அவருடைய நாக்கின் நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவள் சந்தோஷமாகப் போனை வைப்பாள். அவரும் ஒரு நல்ல மனிதராக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். திரும்பி வராவிட்டாலும் நல்ல மனிதராகவே போய்விடலாம். றலியா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், இண்டைக்கு ஹார்ட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போற. சுகமா வந்தாலும் இனி நான் புள்ளைகளை ஏத்த மாட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது. நிறுத்தி மறுபடி தொடங்கினார். "நான் காப்பாத்தல்ல ரீச்சர். எனக்கு அடைப்பு ஈக்கிதெண்டு மாசக்கணக்கா தெரியும். செய்யச் செல்லி டொக்டர் சென்ன. செய்யாம, தெரிஞ்சிதான் ஒங்கட மகன ஏத்தின."

அந்தப் பக்கம் கேட்டடியில் தர்சன் ஏதோ கேட்கிற குரல் வந்தது. பிறகு அவள் போனை வைத்துவிட்டாள்.

ஸெய்ன் நானா போனைக் கட்டிலில் வைத்தார். றலியா வந்து அவருடைய செருப்பைக் காலடியில் போட்டாள். ஆஸ்பத்திரியில் உண்மையைக் கேட்ட அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக அவருடைய கையைப் பிடித்தாள்.

"வாங்க, போவோம்" என்றாள். "இந்த மொற நானும் உள்ளுக்கு வாரேன்."